சேர் பிறந்த கதையும் அக்காவின் முழங்காலும்

சொல்லுக்கு வேர் தோண்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். விக்கல் எடுக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டால், டம்ளர் என்ற சொல் எந்த ஊரில் பிறந்து எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லி முடித்துத்தான் கொடுப்பார். கெட்டவர் இல்லை. யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டார். புறம் பேசுவதற்கு மனிதர்களைக் கவனித்திருக்க வேண்டும். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அடையாளம் சுலபம். ‘தெரியுமா’ என்று கேட்பார். தெரியும் என்று சொல்லிப் பாருங்கள், காதில் விழாது. தெரியாது என்றாலும் விழாது.

எங்கள் தையல் கூடத்து மேற்பார்வையாளர் இந்த இனத்தில் நன்றாக விளைந்தவர். அகராதி என்று பெயர் வைத்திருந்தோம், அவருக்குத் தெரியாமல். நாங்கள் எட்டுப் பேர் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து சட்டை தைப்போம். தைத்த சட்டையெல்லாம் கடைசி மேசையில் இருக்கும் இஸ்திரி அக்காவிடம் போகும். அது நின்றே செய்கிற வேலை. அக்காவுக்கு வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. மணிக்குப் பத்து நிமிடமாவது சாய்ந்து உட்காருங்கள், முடியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அவர் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. முதலாளியிடம் நான்கு மாதம் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஒரு சேர் வந்து இறங்கியது. கை வைத்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நொண்டி நொண்டி வந்தார். அதற்குள் அகராதி, நான்கு காலும் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அதில் உட்கார்ந்தார்.

“சேர் சேர்னு சொல்றோமே, அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?”

முடிந்தது.

கிரேக்கர்கள் அதைக் கதெட்ரா என்றார்களாம். அங்கிருந்து லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வரும்போது சேர் என்று சுருங்கிவிட்டதாம். பேராசிரியர் பதவிக்கும் சேர் என்றே பெயராம், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் சேராம், தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டும் சேராம், சில இடங்களில் ஆளைக் கொல்வதற்கும் ஒரு சேர் உண்டாம். அக்கா எடையை இடது காலுக்கு மாற்றினார். அந்தக் காலத்தில் முதுகு சாய்க்கிற ஆசனம் பெரிய மனிதர்களுக்குத்தானாம். சாதாரண ஜனங்கள் பெஞ்சிலும் பெட்டிமேலும் உட்கார்ந்தார்களாம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் மிஷினை நிறுத்திவிடுவோம். அவர் பேச்சுக்கு மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். எங்களுக்கு அது ஓய்வு. எழுந்திரிங்க சார் என்று எட்டுப் பேரில் ஒருத்தி சொல்லியிருக்கலாம். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. மிஷினை மறுபடி ஓட்ட வேண்டுமே.

கடைசியில் அக்காவே வாயைத் திறந்தார்.

“பெட்டியும் இல்லாதவங்க என்ன சார் பண்ணாங்க?”

“நல்ல கேள்விம்மா,” என்று அகராதி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பெரியவர் உள்ளே வந்தால் கூடமே எழுந்து நிற்குமாம். அவர் உட்காருகிற வரை ஒருத்தரும் அசைய முடியாதாம். எப்படி நிற்பார்கள் தெரியுமா? நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், கைகட்டி, தலை குனிந்து நின்று காட்டினார். தத்ரூபம்.

அக்கா சேரை மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை பெருமூச்சு விட்டது.

“இப்படித்தானா சார்?”

“அப்படியேதான்,” என்றார் அகராதி, தலை நிமிராமல். பாராட்டுகூட இருந்தது அந்தக் குரலில். பிறகு சாப்பாட்டு மணி அடிக்கும் வரை, நின்றபடியே, ஸ்டூலின் வரலாற்றையும் சொல்லி முடித்தார். சேர் கைமாறியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து அது அக்காவின் மேசைக்கு அடியிலேயே இருக்கிறது. அக்காவும் வேலையில் இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. கதெட்ரா என்ற சொல் இப்போது உங்களிடமும் இருக்கிறது. சும்மா இருக்க விடாது அது. இன்றைக்கோ நாளைக்கோ யாரிடமாவது ‘சேர்னு சொல்றோமே’ என்று ஆரம்பிக்க நாக்கு ஊறும். ஆரம்பியுங்கள், தப்பில்லை.

எழுந்து நின்றுகொண்டு ஆரம்பியுங்கள்.