கூரைமேல் பனி

சானா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பிலிருந்து இடுக்கியால் எடுத்த மூன்று கற்கள் இரும்பு வாளியில் தகதகத்தன. வாளியைக் கோட்டுக்குள் மறைக்கப் பார்த்தார் ஐமோ. கோட்டுதான் கருகியது.

"எங்க இந்தத் திருட்டு நடை, தலைவரே?" ஜன்னலைத் திறந்து கேட்டாள் மனைவி ஹெல்வி.

"கத்தித் தொலைக்காதே!"

தலைவர் என்றால், நாட்டுக்கோழி வளர்ப்போர் சங்கத்துக்கு. சங்கத்துக்கு ஒரே விதி: கூட்டுக்குச் சூடு காட்டக் கூடாது. கீழே காய்ந்த வைக்கோல், மேலே காற்றோட்டம், மீதியைக் கோழியின் இறகு பார்த்துக்கொள்ளும். மேடைக்கு மேடை இதை முழங்கியவர் ஐமோ. கூட்டில் பல்பு எரிந்தது என்று போன மாதம் சைமியைச் சங்கத்தை விட்டே துரத்தினார். "முட்டை பொறுக்க வெளிச்சம் வேணாமா?" என்று அவள் கேட்டதை ஒரு ஜென்மமும் காதில் வாங்கவில்லை.

இப்போது குளிர் மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. சேவல் ஒற்றைக்காலில் நின்றது. தலைவரின் கொள்கைக்கு இரண்டு காலுமே இல்லாமல் போனது.

"அது எப்பவும் அப்படித்தானே நிக்கும்?" என்றாள் ஹெல்வி.

"உனக்கென்ன தெரியும்? விறைச்சுப் போச்சு பாவம்!"

கற்களைக் கூட்டுக்குள் வைத்தார். சூடு வெளியேறாமல் இருக்கக் காற்றுத் துளைகளில் பழைய காலுறைகளைத் திணித்தார். மிரண்ட கோழிகள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கற்கள்மேலேயே கவிழ்த்தன. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"கோழிக்கும் சானாவா? சானாவுல நாம முதுகுல அடிச்சுக்கற இலைக்கொத்தையும் கொண்டாரட்டுமா?"

வைக்கோல் நனைந்தது. அது உறைந்துவிடுமே என்று இன்னும் ஆறு கற்களைக் கொண்டுபோனார் புத்திசாலி. அதற்குள் ஈரம் பட்டுக் குளிரில் விறைத்துச் சேவலின் கொண்டை நுனி வெளுத்திருந்தது. கூரைமேல் இருந்த பனி மொத்தமும் உருகிச் சரிந்தது. வெறும் தகரம், உள்ளே இருக்கும் சூட்டை ஊருக்கே காட்டிக்கொடுத்துப் பளபளத்தது.

மதியம் சங்கத்தின் ஆண்டுச் சோதனை. முதல் கூடு தலைவருடையது. சைமியைத் துரத்திய அதே வாயால் தன்னையும் துரத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஏணி போட்டு, மண்வாரியால் பனியை அள்ளிக் கூரைமேல் வீசினார். உருகியது. மறுபடி வீசினார். அது உருகி அவர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

"கல்லை வெளிய எடுத்தா முடிஞ்சுதே?"

"எடுத்தா சேவல் செத்துரும்!"

"எடுக்கலைன்னா உன் மானம் செத்துரும். எது பரவாயில்ல, நீயே பாத்துக்க."

வாசலில் தபால் வண்டி வந்து நின்றது. தபால்காரி ராய்லி இறங்கி, ஏணிமேல் இருந்தவரை அண்ணாந்து பார்த்தாள். ஐமோ முந்திக்கொண்டார்.

"காத்து, ராய்லி! ராத்திரி அடிச்ச காத்துல பனியெல்லாம் பறந்துபோச்சு. அதான் கூரையைச் சரிபண்றேன்."

ஒரு மரக்கிளைகூட அசையவில்லை. ராய்லி கடிதங்களை ஹெல்வியிடம் நீட்டினாள்.

"அது என்ன காத்தோ போங்க! உங்க சங்கத்து ஆளுங்க பதினோரு பேரும் இதையேதான் சொல்லிட்டு, ஏணி போட்டுக் கோழிக்கூட்டு மேல பனி அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காங்க. விழுந்த பனி விழுந்தபடியே கெடக்கறது, நீங்க துரத்திவிட்ட அந்த சைமி வீட்டுல மட்டும்தான்!"