ஆடு முட்டிய கை

"ஃபீபிக்குக் கை வலி கொறைஞ்சுதா சம்பந்தி?" என்று டோரதி கேட்டதும் ஜெபராஜ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

மகள் காலையில்தான் ஷூ கம்பெனி வேனில் ஏறிக்கொண்டே, "பொறக்கப்போற குழந்தைக்காக நேத்து ஊசி போட்டுக்கிட்டேம்பா, கை வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நாளைக்குத் தேவாலயத்தில் முதல் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஊரறியக் கேட்பார்கள். தாயில்லாமல் வளர்த்த பெண். பாவம், மனுஷர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா எலியாஸும் அம்மா டோரதியும், மூத்த மகன் ஜெஸ்டனோடு, ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அது ஒண்ணுமில்ல. ஆடு முட்டிடுச்சு."

"ஆடா? அதே கையிலயா?" டோரதி குழம்பினாள்.

எந்தக் கை என்று ஜெபராஜுக்கு எப்படித் தெரியும்? "ரெண்டு கையிலயும்" என்று போட்டு வைத்தார்.

யார் வீட்டு ஆடு என்று எலியாஸ் விசாரித்தார். பக்கத்து வீட்டு குர்ஷித்தின் ஆடு என்று சொல்லி வாய் மூடவில்லை, குர்ஷித்தே தட்டில் சமோசாவோடு வந்து நின்றாள்.

"எங்க ஆடா? அதத்தான் பக்ரீத்துக்கே குர்பானி குடுத்துட்டமே அண்ணா."

"அதுக்கு முன்னாடி முட்டினது."

"அப்பத்திலேர்ந்தா வலிக்குது?" டோரதி பதறிப்போனாள். காய்ச்சலும் உண்டா என்றாள். ஆடு முட்டினால் காய்ச்சல் சகஜம்தானே என்றார் ஜெபராஜ். எலும்பு விரிசல் விட்டிருக்கும், வேலூருக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கும்வரை ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்று ஆயருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டாள் அவள்.

ஜெபராஜ் உடைந்துவிட்டார்.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல. ஊசிதான். பொறக்கப்போற குழந்தைக்காம். அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வர்ல. எம்பொண்ணத் தள்ளிடாதீங்க."

பிறந்ததிலிருந்தே காது கேளாத ஜெஸ்டன் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எலியாஸ் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"இவன் வயித்துல இருக்கும்போது டோரதிக்கு ருபெல்லாங்கிற அம்மை வந்துதான் இவனுக்குக் காது போச்சு சம்பந்தி. கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற பேரப்புள்ளைக்கும் அப்படி ஆயிடக்கூடாதுன்னு, நேத்து ஃபீபியைக் கூட்டிட்டுப் போய் அந்தத் தடுப்பூசியைப் போட வெச்சதே இவங்கம்மாதான்."