அன்பான நிர்வாகம்

"குடையை எங்க வெச்சுத் தொலைச்ச?" என்று மனைவியிடம் கத்தினார். குடை அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தும் கோபம் குறையாமல் படியிறங்கிப் போனார். மதியம் தன் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் சாய்ந்து உயிரை விட்டார்.

கம்பெனியை மூடிவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். மூடினால் அவர் இரண்டாம் முறையும் போனது போலிருக்கும் என்று மனைவிக்குத் தோன்றியது. அவர் நாற்காலியில் அவளே போய் உட்கார்ந்தாள்.

நிர்வாகம் படித்த மகள் வழி சொன்னாள். "அப்பாவோடது அதிகாரம்மா. கத்திக் கத்தி வேலை வாங்குற ரகம். இப்ப அதெல்லாம் எடுபடாது. ஆளுங்கள மதிக்கணும், யோசனை கேக்கணும்."

முதலில் அம்மா கட்டிங் மெஷின்காரரை அறைக்குக் கூப்பிட்டு, எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ கொடுத்தாள்.

"உங்க வேலை ரொம்ப சுத்தம்ணே. இங்க என்னென்ன மாத்தலாம், சொல்லுங்க."

அவர் முகம் பேயறைந்தது போலாயிற்று. "நான் என்ன தப்பு பண்ணேம்மா?"

"ஒண்ணுமே பண்ணல. ஆறுது, குடிங்க."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் எதிர்த்தெருக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

"அன்பு பத்தலம்மா. இன்னும் கொஞ்சம் காட்டு," என்றாள் மகள்.

பசை ஒட்டும் அக்காவுக்கு டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

"பிஸ்கட் வேறயா!" என்று அந்த அக்கா உடைந்து அழுதாள். "என் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

இறந்த தன் கணவரை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணி இவளும் சேர்ந்து அழுதாள். "எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்க்கா," என்று கட்டிக்கொண்டாள். அந்த அக்காவும் அதன்பின் வரவில்லை.

வாரக் கடைசியில் பாதி ஆட்கள் இல்லை. மருந்துக் கம்பெனிக்குப் போகவேண்டிய அட்டைகள் மடிக்கப்படாமல் கூரைவரை நின்றன. திங்கட்கிழமை அவை போகாவிட்டால் ஆர்டரும் இல்லை, கம்பெனியும் இல்லை.

"எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு மனசு விட்டுப் பேசும்மா," என்றாள் மகள்.

மெஷின்களை நிறுத்தி, வரிசையாக நாற்காலி போட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் டீ வைத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "அவர் தினமும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டினாரே, அப்ப ஒருத்தர் போனீங்களா? நான் ஒரு சுடுசொல் சொன்னேனா? ஏன் இப்படி ஓடறீங்க?"

டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வேன் டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"ஐயா திட்டினா, வேலை நிரந்தரம்னு அர்த்தம்மா. உக்கார வெச்சு டீ குடுத்தா, நாளைலேர்ந்து வர வேணாம்னு அர்த்தம். அவர் போனாலும் அது மாறலன்னுதான் நாங்க நெனச்சோம்."