எழுபத்தொன்று

"நாளைக்குப் பஸ் பட்டியல் இன்னும் வரலையேம்மா?" போனில் டிப்போ மேலாளர்.

"இதோ அனுப்பிடறேன் சார்," என்றாள் பூதக்கண்ணாடி. அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எந்தத் தப்பும் அவள் கண்ணுக்குத் தப்பாதாம். ஞாயிற்றுக்கிழமை, மாடி முழுக்க அவள் ஒருத்திதான். வீட்டிலும் ஒருத்திதானே, இங்கேயாவது ஃபேன் நன்றாகச் சுற்றும் என்று வந்துவிட்டாள்.

எந்தப் பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போடுவது, ஓய்வு பெற்றுப்போன பெரியவர் ஒருவரின் பழைய கம்ப்யூட்டர் நிரல். அதை யாரும் படிக்க முடியாதபடி கம்பைல் பண்ணி மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பைத்தான் ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு சின்ன நிரல் தினமும் அதைக் கூப்பிடும். அது வேலையை முடித்துவிட்டு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் நலம், வேறு எதுவானாலும் கோளாறு. இத்தனை வருஷமாக அந்த எண்ணை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடிக்குப் பொறுக்குமா? போன வாரம்தான், பூஜ்யம் வராவிட்டால் பட்டியலை அனுப்பாதே என்று ஸ்கிரிப்டில் சேர்த்தாள்.

இன்று வந்தது எழுபத்தொன்று. கையேட்டில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

கோளாறு வந்தால் நிரலை மறுபடி கூப்பிடு என்று ஸ்கிரிப்டில் எழுதினாள். கூப்பிட்டபோதெல்லாம் பட்டியலில் இன்னொரு பட்டியல் சேர்ந்துகொண்டது.

"என்னம்மா, ஒரே பஸ் ஒரே நேரத்துல பத்து தடவ கிளம்புது?"

சரி, கோளாறு வந்தால் பட்டியலை அழித்துவிடு என்று மாற்றினாள்.

"இப்ப நாளைக்கு பஸ்ஸே கிடையாதுங்குது."

கோளாறு வந்தால் எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பு என்றாள். 'வண்டியை எடுக்க வேண்டாம்' என்று டிரைவர்கள் அத்தனை பேருக்கும் செய்தி பறந்தது.

"ஏம்மா, ஓடிட்டிருந்த வண்டியெல்லாம் நடுரோட்டுல நிக்குது. காலைல பஸ் ஓடலைன்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. பெரியவர் நம்பர் தரேன், அவர்கிட்டயே கேட்டுத் தொலை."

நம்பரைக் குறித்துக்கொண்டாள். இந்தப் போன் என்றைக்காவது குறை சொல்லாமல் அடித்திருக்கிறதா? சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி உண்டா?

பெரியவர் முதல் மணியிலேயே எடுத்தார். இன்ன ஆபீசிலிருந்து என்று அவள் சொன்னதுதான் தாமதம்.

"ஞாயித்துக்கிழமையுமா வேலை? சாப்டியாம்மா?"

"இல்ல சார். உங்க நிரல்ல ஒரு பிழை வருது."

"என்ன நம்பர்?"

"எழுபத்தொண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்? பட்டியல் தப்பா?"

"பட்டியல்ல ஒரு குறையும் இருக்காது. நீ புதுசா சேத்ததை எடுத்துட்டு அப்படியே அனுப்பிடு."

"அப்ப அந்த எழுபத்தொண்ணு?"

"அது பிழை இல்லம்மா, என் வயசு. இன்னிக்கு என் பொறந்த நாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னன்னு கேட்டு யாராவது போன் பண்ணுவாங்கன்னு, அன்னிக்கு மட்டும் வயசைக் காட்டுற மாதிரி வெச்சுட்டு வந்தேன், நீதான் முதல் ஆளு."