இளஞ்சிவப்பு வரவில்லை

முத்துக்கண்ணன் ‘சோடியம் ஹைட்ராக்சைடு’ என்று சீட்டு ஒட்டிய பியூரெட்டின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். கீழே குடுவையில் நிறங்காட்டி கலந்த ஆக்சாலிக் அமிலம் நிறம் மாறுவேனா என்றது.

"இந்தா, இப்ப ரோஸாயிரும்" என்றார் மனைவி சத்தியப்பிரியாவிடம்.

கல்யாணமான நாளிலிருந்து, "எங்க செட்டுல டைட்ரேஷன்னா நான்தான்" என்று அவளிடம் அளந்து வந்தவர். உண்மையில் கணக்கெல்லாம் போட்டுக் கொடுத்தது ஆய்வகக் கூட்டாளி அனுசுயா. முப்பது வருசம் கழித்து இன்று காரைக்குடிக் கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு. ஆய்வகத்தின் அந்தப் பழைய நெடி மூக்கில் ஏறியதுமே அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

அமில பாட்டிலில் 0.1 மோலார் என்றிருந்தது.

"வேண்டியது 0.1 நார்மல். ரெண்டால வகுத்தா பாதிதான் தேறும்" என்று முனகி, குடுவையில் இன்னும் கொஞ்சம் ஆக்சாலிக் படிகத்தைப் போட்டார்.

"வகுத்தியா? பெருக்கணும்ப்பா! அது முன்னமே 0.2 நார்மலு!"

பின்னால் அனுசுயா நின்றிருந்தாள். முத்துக்கண்ணன் பதறிப்போய்க் குடுவையில் தண்ணீரை ஊற்றினார்.

"செறிவு குறையும். உள்ள கிடக்கிற அமிலம் எங்குட்டுப் போகும்? அப்ப மாதிரியே இன்னைக்கும் நான்தான் கணக்குப் போட்டுத் தரணுமா?" என்றாள் அனுசுயா.

சத்தியப்பிரியா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப எங்கிட்டச் சொன்னதெல்லாம் இந்தக்கா போட்ட கணக்கா?"

அவருக்குக் காது சிவந்தது. குடுவைதான் சிவக்கவில்லை.

"நீ தள்ளு" என்று அனுசுயா புதுக் குடுவை எடுத்தாள். உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். அதற்குள் வழுக்கைத் தலைகளும் நரைத்த தலைகளும் மேசையைச் சூழ்ந்துவிட்டன.

"ஈக்விவலன்ட் எடை நாப்பத்தஞ்சுடா!"

"போடா, அறுபத்து மூணு! படிகத்துல இருக்க தண்ணிய உங்கப்பனா சேப்பாரு?"

"இன்னைக்காச்சும் ஒழுங்காக் கலக்குங்கப்பா!"

பியூரெட் காலியானது. நிறம் வரவே இல்லை. வகுப்பில் முதலாக வந்த அனுசுயாவுக்கே முகம் வெளுத்தது. "எனக்கா தப்பும்?" என்றாள் மெதுவாக.

கதவோரம் நின்ற இளம் விரிவுரையாளர் அஃப்ரின் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"கோவிச்சுக்கிறாதீக மேடம், பியூரெட்டுல அழகுக்கு ஊத்தி வச்சது வெறும் குழாய்த் தண்ணி, நீங்க எல்லாரும் சண்டை போட்டது கேக்க அம்புட்டு நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல."