துடித்ததா, அடித்ததா?

"தலைவரை எழுப்புங்கள்!"

பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடலோரமாக நடந்து பாருங்கள். எங்கள் கரையோர விழிப்புணர்வு மன்றத்தைப் போல விழிப்பான ஒரு சபையை நீங்கள் காணமாட்டீர்கள். டெங்கு விழிப்புணர்வு, பிளாஸ்டிக் விழிப்புணர்வு, வீதி விழிப்புணர்வு என்று இந்த நாட்டுக்கு என்னென்ன விழிப்புத் தேவையோ அத்தனையும் எங்களிடம் உண்டு. விழிப்புணர்வின் அவசியம் பற்றியே ஒரு விழிப்புணர்வு நடத்தியிருக்கிறோம். அப்பேர்ப்பட்ட மன்றத்தின் நிருவாகக் கூட்டத்தில்தான் மேலே உள்ள வாக்கியத்தைச் சொன்னேன். மரணம் விழுந்த மையத்து வீட்டில் யாரோ சிரித்துவிட்டது போல அறை அடங்கிப் போனது.

சொல்லக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். செயலாளர் ஸஹீத் சேர்தான் சொன்னார்.

"மகள், லீவு கேளுங்க. இருக்கக் கதிர கேளுங்க. ஃபேன் திருத்தச் சொல்லிக் கேளுங்க. தலைவர எழுப்பச் சொல்லி மட்டும் கேட்டுடாதீங்க."

"ஏன் சேர்?"

"அவர் நித்திரையில்ல. சிந்தனையில இரிக்கார்."

"குறட்ட கேக்குதே?"

"அது ஆழ்ந்த சிந்தனை."

எங்கள் குடும்பத்தில் ஓலெவல் பரீட்சை தாண்டிய முதல் ஆளும் நான், பட்டம் எடுத்த முதல் ஆளும் நான். சாய்ந்தமருதில் வாப்பாவுக்குத் தோணித் தொழில். பட்டமளிப்பு அங்கியில் என்னைக் கண்டவர், "இதப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போனா முங்கிடுவீங்க புள்ள" என்றுதான் வாழ்த்தினார். தமிழ் சிறப்புக் கலைப் பட்டம். அதைக் கொண்டு மன்றத்தில் 'பயிலுநர் உத்தியோகத்தர்' ஆனேன். ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரமாக்குவார்கள் என்பது பேச்சு. அன்றைய கூட்டம் அதற்காகத்தான் கூடியது. ஆனால், நிகழ்ச்சி நிரலில் என் நியமனத்துக்கு முன்னால் இன்னொரு விடயம் ஏறியிருந்தது: 'பெண் உத்தியோகத்தர் நிப்லாவின் இடது கண் தொடர்பான முறைப்பாடு.'

நடந்தது இதுதான். மன்றம் 'கண்ணிமை விழிப்புணர்வு வாரம்' நடத்தத் தீர்மானித்தது. தொடக்கவுரை தலைவர் மீராசாஹிபு ஹாஜியாருடையது. அவர் என்னை அழைத்தார்.

"மகள், நீங்க படிச்ச புள்ள. நான் யோசிச்சத ஒரு பேச்சா எழுதித் தாங்க."

"என்ன யோசிச்சீங்க ஹாஜியார்?"

"அதையும் நீங்களே எழுதுங்க."

எழுதினேன். தமிழ் படித்தவளுக்கு இமையைப் பற்றி என்ன தெரியும்? கண்ணை இமை காப்பது போல என்ற உவமை தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. நித்திரை முழித்துப் படித்தேன். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தானாம். அதன் கீழே கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தசை. மூடுவது அதன் வேலை. தூக்குவதற்கு மேலிமைக்கு வேறொரு தசை உண்டு. உள்ளே, இமை சுருண்டு போகாமல் நிமிர்த்தி வைக்க ஒரு விறைப்பான தகடு. ஓரத்தில் கண்ணீர் காய்ந்து போகாமலிருக்க எண்ணெய் விடும் சின்னச் சின்னச் சுரப்பிகள். இவ்வளவு பெரிய நிருவாகம் ஒரு தலைவர்கூட இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்கிறது. வியந்து போனேன்.

வியந்துகொண்டே முழித்திருந்ததில் என் இடது கண்ணின் கீழிமை துடிக்கத் தொடங்கியது. நூலில் கட்டிய மீன்குஞ்சு போல ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு வெட்டு. தலைவரிடம் போய், துடிப்பதை 'அடிக்கிறது' என்று எங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே சொன்னேன்:

"ஹாஜியார், எனக்கு ரெண்டு நாளாக் கண் அடிச்சிக்கிட்டே இரிக்கி."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நித்திர முழிச்சா அப்படித்தான் மகள். பேச்ச முடிச்சிட்டுப் போய்ப் படுங்க."

அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பொருளாளர் ஜெஸீம் வந்து நின்றார். என் வாக்கியத்தின் வாலை மட்டும் கேட்டார். நான் திரும்பி அவரைப் பார்க்கவும் இமை ஒரு வெட்டு வெட்டவும் சரியாக இருந்தது. மனிதர் அன்றே முறைப்பாடு செய்துவிட்டார்.

இனி, என் கண்ணை விசாரிக்க அமர்ந்த கண்களை அறிமுகம் செய்கிறேன். எல்லாமே மரியாதைக்குரியவை.

ஸஹீத் சேருக்கு மேலிமையில் கண்கட்டி. மயிர்க்கால் சுரப்பியில் சீழ் வைத்து, ஜம்புக்காய் அளவு வீங்கி, ஒரு கண் முழுதாக மூடிக் கிடந்தது. ஒரு வாரமாக ஊர் முழுவதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் கண்ணடிப்பது என்று சொல்லவில்லை. 'சேருக்குச் சுகமில்லை' என்றார்கள்.

முகைதீன்பாவா காக்கா எல்லோருக்கும் அண்ணன் முறை, மூத்த உறுப்பினர். வயதில் கீழிமை தளர்ந்து வெளிப்பக்கம் புரண்டுவிட்டது. அதனால் கண்ணீர் தேங்க இடமின்றி எந்நேரமும் வடியும். வரவு செலவு வாசித்தாலும் அழுவார், வடை வந்தாலும் அழுவார். இருபது வருடமாக அவருக்கு ஊரில் 'இரக்க குணமுள்ள மனிசன்' என்று பெயர். ஒரு சின்னச் சத்திரசிகிச்சை செய்தால் அந்தப் பெயர் போய்விடும்.

ஜெஸீமுக்கு இமையோர அழற்சி. மயிரின் அடியில் பொடுகு போலச் செதில். அதை மறைக்கக் கண்ணுக்குச் சுருமா மை. சுருமா எரிவதால் கசக்கல், கசக்கியதால் சிவப்பு, சிவப்பை மறைக்க இன்னும் சுருமா. இந்தக் கண்களால்தான் என் கண்ணைக் 'கண்ணால் கண்ட சாட்சி'யாக அவர் வந்திருந்தார்.

தலைவர் தலைமைக் கதிரையில் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்.

"பிஸ்மில்லாஹ். விசாரண தொடங்குது" என்றார் ஸஹீத் சேர். "ஜெஸீம், என்ன கண்டீங்க?"

"இந்தப் புள்ள எனக்குக் கண்ணடிச்சிச்சு சேர்."

"எந்தக் கண்?"

"வலது."

"முறைப்பாட்டுல இடது என்டு இரிக்கே?"

"என்ட பக்கத்தால வலது. அவட பக்கத்தால இடது."

"மேலிமையா கீழிமையா?" என்று நான் கேட்டேன்.

"இமையில என்ன மேல் கீழ்? நான் என்ன மாடி வீடா பாத்தன்?"

"கண்ணடிச்சா மேலிமை முழுசா இறங்கி மூடணும். எனக்குக் கீழிமைதான் துடிச்சது. கண் மூடவேயில்ல."

"பொம்புளைக்கு இடது கண் துடிச்சா நல்ல சகுனம் என்பாங்க" என்று முகைதீன்பாவா காக்கா கண்ணைத் துடைத்தார்.

"சகுனம் பாக்கிறது மார்க்கத்தில இல்ல காக்கா" என்றார் ஸஹீத் சேர் கண்டிப்பாக.

"அப்ப துடிக்கல்ல. அடிச்சதுதான்" என்று காக்கா உடனே மார்க்கத்துக்குத் திரும்பினார்.

ஜெஸீம் எழுந்தார். "சேர், அவவே வாயால ஒத்துக்கிட்டா. 'ரெண்டு நாளாக் கண்ணடிச்சிக்கிட்டே இரிக்கன்' என்டு தலைவர்ட சொல்லக்குள்ள நான் கேட்டன்."

"'இரிக்கன்' இல்ல. 'இரிக்கி'!" என்றேன். 'இருக்கிறேன்' அல்ல, 'இருக்கிறது'.

"இரிக்கியோ இரிக்கனோ, கண் யார்ட?"

"என்ட."

"அப்ப அடிச்சது நீங்கதானே?"

நான்கு வருடம் இலக்கணம் படித்ததன் பயன் இந்த உலகத்தில் எனக்கு ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும் என்று அல்லாஹ் நாடியிருந்தான். நிமிர்ந்து நின்றேன்.

"சேர், நான் சொன்னது 'எனக்குக் கண் அடிக்குது'. 'எனக்கு' நாலாம் வேற்றுமை. நான் ஒண்டும் செய்யல்ல. எனக்குப் பசிக்குது என்டா பசிய நானா செஞ்சன்? அந்த வாக்கியத்தில வேல செய்யிற ஆள் கண். 'நான் கண்ணடிக்கன்' என்டாத்தான் குற்றம். ஆகவே இந்த விசாரணைக்கு முதல் கேள்வி: எழுவாய் யார்? எழுவாய்!"

ஜெஸீம் மேசையில் அடித்தார். "பாத்தீங்களா சேர்! தலைவரப் பாத்து 'எழுவாய்' என்டு ஒருமையில கட்டளை போடுறா!"

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றது சபை.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. அறையில் ஒரே ஒரு சாட்சி இருக்கிறார். நான் 'இரிக்கி' என்று சொன்னதை முழுதாகக் கேட்டவர், துடிப்பதன் காரணத்தைத் தானே வாயால் சொன்னவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பெயரும் மிஞ்சும், தொழிலும் மிஞ்சும். அவர் தலைமைக் கதிரையில் சாய்ந்து கிடக்கிறார்.

"தலைவரை எழுப்புங்கள்!"

இனி நீங்கள் முதல் பந்திக்குத் திரும்பத் தேவையில்லை. மையத்து வீட்டு அமைதி முடிந்ததும் ஸஹீத் சேர் திறந்திருந்த கண்ணால் என்னை முறைத்தார்.

"மகள், தலைவருக்கு இமை தொங்கல். பிறவியில வந்தது. திறந்துதான் இரிக்கும். எங்களுக்கு மூடின மாதிரித் தெரியும்."

"இமை தொங்குற ஆள் புருவத்தைத் தூக்கி, நாடியை உயர்த்தித்தான் பார்ப்பார் சேர். இவர்ர நாடி நெஞ்சில கிடக்கு. நாளைக்கு இவர் வாசிக்கப் போற பேச்சில அதுவும் இரிக்கி."

சபை குசுகுசுத்தது. பிறகு முகைதீன்பாவா காக்கா கண்ணீர் வடிய எழுந்து, இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு முடிவைச் சொன்னார்.

"புள்ள, கவலப்படாதீங்க. நாங்களும் பொம்புளப் புள்ள பெத்த ஆக்கள்தான். 'கண்ணடிச்சன், மன்னிச்சிக்கங்க' என்டு ஜெஸீமுக்கிட்ட ஒரு சொல் சொல்லுங்க. இண்டைக்கே நிரந்தரமாக்கிடுவம். நாளையில இருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுச் செவரப் பாத்து இருங்க. முடிஞ்சிது."

"ஓம்" என்றார் ஜெஸீம் பெருந்தன்மையாக, சுருமாக் கண்ணைக் கசக்கிக்கொண்டே. "நான் மன்னிப்பன்."

நேர்மையாகச் சொல்கிறேன், ஒரு கணம் யோசித்தேன். வாப்பா காலையில் தோணியைத் தள்ளும்போது, "நிரந்தரமாக்கினா ஒரு ஃபோன் கோல் எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு சொல்தான். ஒரு விகுதிதான். 'இரிக்கி'யை 'இரிக்கன்' ஆக்கினால் போதும். அதன்பிறகு மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை நான் 'கண்ணடிச்ச புள்ள'. நிரந்தரம் என்பதே அதுதான்.

ஸஹீத் சேரைப் பார்க்கவில்லை. தலைவரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஹாஜியார், நித்திரையில இரிக்கிற ஆளுக்கு ஒரு தகவல். நாளைய பேச்சு இன்னும் முடியல்ல. கடைசிப் பகுதி எழுதல்ல. எழுதப் போறதும் இல்ல."

தலைவரின் இமை துடித்தது.

கீழிமை அல்ல, இரண்டு மேலிமைகளும். ஓரத்தில் மயிர்கள் படபடத்தன, வலையில் விழுந்த விளக்குப்பூச்சி போல. உறங்குகிறவனுக்கு இமைக்குள்ளே விழி உருளும், இமை சும்மா கிடக்கும். இமை இப்படிப் படபடப்பது, இறுக்கி மூடி வைத்திருக்கிறவனுக்குத்தான். மூடும் தசை களைத்துப் போகிறது, பாவம். அதுவும் ஒரு வருடமாக ஓய்வில்லாமல் வேலை செய்கிறது.

எல்லோரும் கண்டார்கள். ஸஹீத் சேரின் வீங்கிய கண்கூடக் கொஞ்சம் திறந்தது.

"சேர், இது துடிச்சதா, அடிச்சதா?"

"அது... ஃபேன் காத்து, மகள்."

"ஃபேன் ஓடல்லயே சேர்."

"ஃபேன் ஓடாட்டி காத்து வராதா?" என்று ஜெஸீம் கேட்டார். இதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை.

நான் என் கைப்பையை எடுத்தேன். காகிதங்களையும் எடுத்தேன். ஸஹீத் சேர் பதறினார். "மகள், எங்க போறீங்க? தீர்மானம் இன்னும் நிறைவேறல்ல."

"நிறைவேறிட்டு சேர். ஏகமனதா. ஒரே ஒரு மனம்தான் வாக்களிச்சது, என்ட மனம்."

"பேச்சு? நாளைக்குப் பிரதேச செயலகத்து டீஎஸ் எல்லாம் வாறாங்க!"

"தலைவர் யோசிச்சதுதானே? எழுப்பிக் கேளுங்க."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். தலைவரின் வலது கண் நூலளவு திறந்து, நான் போய்விட்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நேராக அந்தக் கண்ணைப் பார்த்து, இடது மேலிமையை முழுதாக இறக்கி, ஒருகணம் வைத்திருந்து, தூக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

"இது அடிச்சது, சேர்" என்றேன். "முறைப்பாட்டுல சரியா எழுதுங்க. எழுவாய் நான்."

பிறகு வெயிலுக்குள் இறங்கி நடந்தேன். எங்கள் மன்றத்துக்கு இமைகள் எவ்வளவு விசுவாசமாக இருந்தன என்பதை நான் என்றும் மறக்கமாட்டேன். கண்ணைக் காப்பதற்கு என்று படைக்கப்பட்டவை, ஒரு வருடமாக அங்கே எதையும் காணாமல் இருப்பதற்காக மட்டுமே உழைத்தன.