வராஹ மூர்த்தியாகிவிட்ட பல்

சின்ன காஞ்சிபுரம்,
கார்த்திகை ஏகாதசி.

அரியலூரில் பாறை தோண்டும் துரையிடம் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை பராங்குசத்துக்கு மாமனார் ஸௌந்தரராஜன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் பேரருளாளன் கிருபையால் எல்லோரும் க்ஷேமம், என் இடுப்பு நீங்கலாக.

தலைதீபாவளிக்கு வந்தபோது நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன டைனோசார் பல்லைக் கேட்டு எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. அந்த ஒற்றைப் பல்லை வைத்துப் புது ஜாதிப் பிராணி என்று பெயர் சூட்டத் துரை துடிக்கிறார் என்றும், ஒரே வாயில் முன்பல் ஒரு தினுசு, கடைவாய்ப்பல் ஒரு தினுசு, வேறு வேறு பிராணிக்கும் ஒரே மாதிரிப் பல் இருக்கலாம், எலும்பு கிடைக்கும்வரை பெயர் வேண்டாம் என்று நீங்கள் மறுத்துவிட்டதாகவும், மாசக் கடைசிக்குள் பல் வந்து சேராவிட்டால் உத்தியோகமே போய்விடும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. துரையே பெயர் வைக்கிறேன் என்கிறபோது இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று பல்லை வேஷ்டியில் முடிந்துகொண்டு வாலாஜாபாத் மாட்டுச் சந்தைக்குப் போனேன். பல்லைப் பார்த்தே காளையின் வயதைச் சொல்லுகிற தரகர் வீரபாகு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெழட்டுப் பன்னிதான் சாமி, சந்தேகமே இல்ல. எங்க மேய்ஞ்சிக்கினு இருந்திச்சு?" என்றார். அகத்துக்கு வந்தால் என் மைத்துனர் சக்ரவர்த்தி, "பன்னிப்பல் கல்லா மாறியிருக்குன்னா அது சாக்ஷாத் வராஹ மூர்த்தின்னா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அவ்வளவுதான், உங்கள் மாமியார் ஹேமாம்புஜம் அதைப் பிடுங்கி, என் தாத்தா காலத்துச் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் எழுந்தருளப் பண்ணி, தினம் திருமஞ்சனம், துளசி எல்லாம் ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேலை போயிடும்டீ என்றால், "பெருமாளைப் பார்சல்ல அனுப்பறதா?" என்கிறாள். பார்த்தவா எல்லாம் ஆளுக்கொரு பேர் வெச்சுட்டா, தெரியாதுன்னு சொல்ல உங்க ஒருத்தருக்குத்தான் தைரியம் இருந்தது.

இன்று காலை உங்கள் கடிதத்தை அவளுக்கு மறுபடியும் படித்துக் காட்டினேன். "இவ்வளவு படிச்சுட்டும் தெரியாதுங்கறாரே, அவருக்குப் பொய் வராது. எடுத்துண்டு போங்கோ. ஆனா ரெண்டு மூர்த்திக்கும் சாத்தியிருக்கற ஏகாதசிச் சந்தனக்காப்பைக் கலைக்கப்படாது" என்றாள். காப்போடேயே பட்டுத் துண்டில் சுற்றிப் பார்சல் அனுப்பிவிட்டேன். எங்கள் பெண் அம்ருதவல்லியை இப்படிப்பட்டவருக்குக் கொடுத்தோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது. சொன்ன சொல்லிலேயே நில்லுங்கள்.

தீர்க்காயுசும் நல்ல எலும்பும் கிடைக்கப் பெருமாள் அனுக்ரஹம் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஸௌந்தரராஜன்

பி.கு. துவாதசி காலை. ஹேமாம்புஜம் இங்கே மிச்சமிருந்த மூர்த்தியின் காப்பைக் கழுவினாள். சந்தனத்துக்குள்ளிருந்து பல் வந்தது. அதை இந்தக் கடிதத்தோடேயே அனுப்பியிருக்கிறேன். பார்சலில் வருவது தாத்தாவின் சாளக்கிராமம். துரை கையில் படுவதற்குள் வாங்கிவிடுங்கள், புதுப் பெயர் வைத்துவிடப் போகிறார். அந்தப் பெருமாளுக்கு ஏற்கெனவே லக்ஷ்மி நரசிம்மன் என்று பெயர்.